ஆமா என்றால் எப்போதும் யெஸ் இல்லை

"யு ஹேவன்ட் டெப்ளாய்ட் இட் யெட்?" என்று கிளையண்ட் கேட்கிறார். உண்மையில் புது மென்பொருளை இன்னும் சர்வரில் போடவில்லை. சென்னைப் பக்கம் இருப்பவர் "யெஸ்" என்கிறார். தமிழில் நினைத்தால் அது சரியான பதில். "இன்னும் போடலையா?" என்று கேட்டால் "ஆமா, போடல" என்றுதானே சொல்வோம்? கேட்டவர் நினைத்தது சரி என்று அவரை ஆமோதிக்கிறோம். இங்கிலீஷில் யெஸ், நோ இரண்டும் கேட்டவரின் நினைப்பைப் பார்ப்பதில்லை. வேலை நடந்ததா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ. ஆக, இவர் "போடல" என்று ஒப்புக்கொண்டது அவர் காதில் "போட்டாச்சு" என்று விழுகிறது. மறுநாள் மேலதிகாரிகளுக்குப் புகாராக எஸ்கலேஷன் மெயில் வரும்போது இருவருமே மற்றவர் பொய் சொன்னதாக நினைப்பார்கள்.

வெளிநாட்டு கிளையண்ட்டுடன் பேசும் வேலையில் உண்மையான சேதம் இப்படித்தான் வருகிறது. இலக்கணம் தவறினால் பெரிய நஷ்டமில்லை. "ஹி டோன்ட் நோ" என்று சொன்னாலும் அர்த்தம் போய்ச் சேர்ந்துவிடும். புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்பார்கள், அதுவும் பரவாயில்லை. இரண்டு பக்கமும் புரிந்துவிட்டதாக நினைத்து கால்-ஐ முடிக்கிறார்களே, அங்கேதான் பணமும் நம்பிக்கையும் போகிறது. அந்த இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. பெரும்பாலும் தமிழின் அமைப்பிலிருந்தே வருபவை என்பதால் முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் முடியும்.

முதலில் மேலே சொன்னதற்கான தீர்வு. எதிர்மறையில் வரும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதை அடியோடு நிறுத்திவிடுங்கள். "நாட் யெட். ஐ வில் டெப்ளாய் இட் பை ஃபோர் பி.எம். யுவர் டைம்." யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம், நிலைமையையும் நேரத்தையும் சொன்னால் போதும். இதே வகையில் இன்னொன்று, "டூ யு மைண்ட் இஃப் ஐ ரெக்கார்ட் திஸ்?" இதற்கு "யெஸ் யெஸ்" என்றால் "எனக்கு ஆட்சேபம் உண்டு" என்று அர்த்தம். "ப்ளீஸ் கோ அஹெட்" என்று பழகிக்கொண்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

அடுத்தது "ஓகே". எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது "ம்", "ஆங்", "சரி சரி" என்று சொல்லாமல் இருப்பது நம் ஊரில் மரியாதைக் குறைவு. அந்தப் பழக்கத்தில் கிளையண்ட் ஒவ்வொரு வாக்கியத்தை முடிக்கும்போதும் "ஓகே, ஓகே" போடுகிறோம். நமக்கு அதன் பொருள் "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், சொல்லுங்க". அவருக்கோ "சம்மதம், செய்துவிடுகிறோம்". பத்து நிமிஷத்தில் ஏழு வேலைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கால் முடிந்ததும் "இதெல்லாம் ஸ்கோப்லயே இல்லையே" என்று பேசிக்கொள்ளும் டீம்கள், ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓ.எம்.ஆர். சாலை முழுக்க உண்டு. வீடியோவில் தலையை இருபுறமும் ஆட்டுவதும் அப்படித்தான். நமக்கு ஆமோதிப்பு, அமெரிக்கருக்கு மறுப்பா, தயக்கமா, கழுத்து வலியா என்று தெரியாது. கேட்கும்போது "ம்ம்" மாதிரி வாய் திறக்காத ஒலி போதும், அல்லது மேலும் கீழுமாக ஒரு தலையசைப்பு. கடைசியில் மட்டும் வாயைத் திறந்து, புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "சோ யு வான்ட் த ரிப்போர்ட் வித்தவுட் த டாக்ஸ் காலம், பை வெட்னஸ்டே. இஸ் தட் ரைட்?" ஒத்துக்கொள்ள முடியாத விஷயமென்றால், "ஐ ஹியர் யு. லெட் மி செக் வித் த டீம் அண்ட் கன்ஃபர்ம் பை டுமாரோ." கேட்டதும் வேறு, ஒத்துக்கொண்டதும் வேறு என்பது அந்த ஒரு வரியில் பிரிந்துவிடுகிறது.

தமிழில் விகுதி செய்யும் வேலை

தமிழில் நுணுக்கமான அர்த்தத்தையெல்லாம் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம். தான், ஏ, ஆம், உம், ங்க. இங்கிலீஷில் அந்த வால்கள் கிடையாது. அதனால் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லாக்கி எடுத்துப் போகிறோம். இந்திய ஆங்கிலம் என்று கேலி செய்யப்படும் பலவும் இப்படி வந்தவைதான். கேலியை விடுங்கள். எது பாதிப்பில்லாதது, எது ஆபத்தானது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

"தான்" பெரும்பாலும் "ஒன்லி" ஆகிறது. "ஐயாம் இன் ஆபீஸ் ஒன்லி" என்றால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் "த டெஸ்ட் சர்வர் ஒன்லி இஸ் டவுன்" என்பது வேறு கதை. சொல்பவர் "டெஸ்ட் சர்வர்தான் படுத்திருக்கு", அதாவது பிரச்சினை இங்கேதான் என்று அடையாளம் காட்டுகிறார். கேட்பவருக்கோ "டெஸ்ட் சர்வர் மட்டும் விழுந்திருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது" என்று உறுதி கிடைத்துவிடுகிறது. தமிழில் "தான்" வேறு, "மட்டும்" வேறு. ஒன்லி என்பது "மட்டும்" மாத்திரமே. "தான்" சொல்ல வேண்டிய இடத்தில் இங்கிலீஷ்காரர் குரலைப் பயன்படுத்துவார், அந்தச் சொல்லை மட்டும் சற்று உயர்த்தி இழுத்து. குரலில் வராவிட்டால் "இட் இஸ் த டெஸ்ட் சர்வர் தட் இஸ் டவுன்" என்று வாக்கியத்தைத் திருப்புங்கள். "அவர்தான் சொன்னார்" என்பதும் "ஹி ஒன்லி டோல்ட்" இல்லை, "ஹி இஸ் த ஒன் ஹூ டோல்ட் மி".

"ஆம்" இன்னும் சுவாரசியமானது. "டேட்டாபேஸ் டீம் நாளைக்கு முடிச்சிடுவாங்களாம்" என்பதை "தே வில் ஃபினிஷ் டுமாரோ, இட் சீம்ஸ்" என்கிறோம். தமிழில் அந்த "ஆம்" தகவல் வேறொருவரிடமிருந்து வந்தது என்று காட்டுகிறது. "இட் சீம்ஸ்" அப்படிக் காட்டாது. "எனக்கென்னவோ அப்படித் தோன்றுகிறது" என்கிறது. டேட்டாபேஸ் டீம் கொடுத்த வாக்கு உங்கள் சொந்த ஊகமாக மாறிவிட்டது. நாளை முடியாவிட்டால் கணக்கு உங்கள் பெயரில். "த டேட்டாபேஸ் டீம் செட் தே வில் ஃபினிஷ் டுமாரோ" என்று யார் சொன்னார் என்பதை வெளிப்படையாக வையுங்கள்.

"ஏ" என்ற வாலுக்கு இரண்டு முகம். "இன்னைக்கே" என்பது "டுடே இட்செல்ஃப்" ஆவதில் தொல்லை இல்லை. "சொன்னேனே" என்பது "ஐ ஆல்ரெடி டோல்ட் யு, நோ?" ஆகும்போது சண்டைக்கு இழுப்பதுபோல் கேட்கும். நாம் நினைவூட்டத்தான் சொல்கிறோம். மெயிலில் "ஆஸ் ஆல்ரெடி மென்ஷன்ட்" என்பதும் அதே தொனிதான். "த லிங்க் இஸ் இன் மை மெயில் ஆஃப் மண்டே, ஐ ஹேவ் பேஸ்டட் இட் அகைன் பிலோ" என்று எழுதிவிட்டால் குத்தல் இருக்காது.

மரியாதை விகுதிதான் பலருக்கும் பிடிபடாதது. "அனுப்புங்க" என்ற சொல்லிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் "செண்ட்" என்றால் வெறும் "அனுப்பு". அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சார், கைண்ட்லி, ப்ளீஸ் எல்லாவற்றையும் மேலே தூவுகிறோம். ஆனால் "கைண்ட்லி செண்ட் த ஃபைல்" எத்தனை கைண்ட்லி போட்டாலும் கட்டளைதான். வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் விடும் குரல் அதில் இருக்கிறது. இங்கிலீஷ் மரியாதை கேள்வி வடிவத்தில் இருக்கிறது: "குட் யு செண்ட் த ஃபைல் பை தர்ஸ்டே?" ப்ளீஸ்கூடத் தேவையில்லை. அமெரிக்க கிளையண்ட்டை சார் என்று அழைக்க வேண்டியதும் இல்லை. மேனேஜரின் மேனேஜராக இருந்தாலும் முதல் பெயரையே எதிர்பார்ப்பார். நம் நாக்குக்கு அது கூசும். இரண்டு வாரம் கூசிவிட்டுப் போகட்டும்.

தனிச் சொற்களில் உடனே விட வேண்டியது "டவுட்". "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன்" என்றால் "உங்கள் டிசைனில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று ஆகும். கேட்க வேண்டியது க்வெஸ்சன். "பாஸ்ட் அவுட் இன் 2021" என்றால் மயங்கி விழுந்ததாகப் பொருள்; க்ராஜுவேட்டட் என்க. "ப்ரீபோன்" இந்தியாவுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. "மூவ் இட் அப் டு டென்" என்பதைவிடவும் "சேஞ்ச் இட் ஃப்ரம் லெவன் டு டென்" தெளிவு. "வி வில் ட்ரை" என்பதையும் கவனியுங்கள். "பார்க்கிறோம்" என்று நாசூக்காக மறுப்பதாக நாம் நினைப்போம்; அவர் அதைப் பாதி வாக்குறுதியாகக் காலண்டரில் குறித்துக்கொள்வார். முடியாதென்றால் எது இருந்தால் முடியும் என்று சொல்லுங்கள்: "இஃப் வி கெட் அக்சஸ் பை டியூஸ்டே, வி கேன் டெலிவர் ஆன் ஃப்ரைடே. அதர்வைஸ் இட் மூவ்ஸ் டு த நெக்ஸ்ட் வீக்."

உச்சரிப்பில் எதை விடலாம், எதை விடக்கூடாது

அமெரிக்க ஆக்சென்ட் வேண்டாம். ஆக்சென்ட் வகுப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல ஹெட்செட் வாங்கலாம். வாய்க்கு இரண்டு விரல் தள்ளி மைக் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது எந்த ஒலிகள் புரிதலைக் கெடுக்கின்றன என்று பிரித்துக் காட்டினார். "திங்க்", "தட்" சொற்களின் முதல் ஒலியைச் சரியாக்க எல்லா வகுப்பிலும் நாக்கைப் பல்லுக்கிடையில் வைக்கச் சொல்லி வதைப்பார்கள். அவர் பட்டியலில் அது அவசியமே இல்லை. மாறாக, குறில் நெடில் வேறுபாடு அவசியம். அது நமக்குப் பிறவிச் சொத்து. ஷிப், ஷீப் குழப்பம் பல நாட்டவரை வாட்டும், தமிழருக்கு வராது.

அந்தப் பட்டியலில் நமக்கு உதைப்பது வேறு. சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளை இங்கிலீஷில் மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். தமிழில் மூச்சுத் தள்ளல் கிடையாது. அதனால் நாம் சொல்லும் "போர்ட்" அவர்களுக்கு பலகையைக் குறிக்கும் "போர்டு" போலவும், மேலங்கியைக் குறிக்கும் "கோட்" ஆட்டைக் குறிக்கும் சொல்லாகவும் கேட்கும். தமிழ் எழுத்திலேயே இந்த இரண்டு ஜோடியும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதைப் பாருங்கள். நோய் அங்கேயே இருக்கிறது. சோதனை எளிது. மெல்லிய டிஷ்யூ காகிதத்தை உதட்டுக்கு முன் நான்கு விரல் தூரத்தில் பிடித்து, மாத்திரையைக் குறிக்கும் "பில்" என்று சொல்லுங்கள். காகிதம் படபடக்க வேண்டும். கட்டணச் சீட்டான "பில்"லுக்கு அசையக்கூடாது. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் ஒரு நாளைக்கு இருபது தடவை, ஒரு வாரம்.

சொல்லின் கடைசியில் இதே குழப்பத்துக்கு வேறு மருந்து. பின்பக்கத்தைக் குறிக்கும் பேக், பையைக் குறிக்கும் பேக் இரண்டையும் பிரிக்க, பைக்கு உள்ளே இருக்கும் உயிரொலியைச் சற்று நீட்டுங்கள். இங்கிலீஷ் காது அந்த நீளத்தை வைத்தே முடிவு செய்யும். கூடவே, வல்லினத்தில் முடியும் சொல்லுக்குக் குற்றியலுகரம் ஒட்டும் பழக்கத்தையும் கவனியுங்கள். பக்கு, டெஸ்ட்டு, லாகு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அசை கூடினால் வாக்கியத்தின் தாளமே மாறிவிடுகிறது. சொல்லின் முதலில் எ, ஒ வந்தால் யகரமும் வகரமும் ஒட்டிக்கொள்வதும் உண்டு: யெம், யெரர், வொன்லி.

தாளத்தில் இன்னொன்று. தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம பங்கு. இங்கிலீஷில் ஓர் அசையைத் தூக்கி மற்றவற்றை விழுங்குவார்கள். டெவலப்மென்ட், கம்போனன்ட், ஈவென்ட், கமிட்டி நான்கிலும் அழுத்தம் இரண்டாவது அசையில். நாம் முதலில் கொடுக்கிறோம். அன்றாடம் உங்கள் வேலையில் வரும் சொற்கள் நாற்பது, ஐம்பதுதான் இருக்கும். அவற்றை மட்டும் ஆன்லைன் அகராதியில் கேட்டு, அழுத்தம் விழும் அசையின் கீழ்க் கோடு போட்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்.

"கேன்", "கேன்ட்" தனிக் கவனம் கேட்கிறது. அமெரிக்கர் "கேன்" என்பதை "க்ன்" என்று விழுங்குவார். "கேன்ட்" என்பதை முழுதாகச் சொல்லி, கடைசி ஒலியைத் தொண்டையில் நிறுத்திவிடுவார். நாம் முடியும் என்பதை உறுதியாகச் சொல்வதாக நினைத்து "வி கேன் டூ இட்" என்று அந்தச் சொல்லை அழுத்தினால் அவருக்கு முடியாது என்று கேட்க வாய்ப்பு அதிகம். முடியாததற்கு எப்போதும் "கேனாட்" என்று முழுச்சொல். முடியும் என்பதற்கு "யெஸ், வி ஆர் ஏபிள் டு".

எண்களும் நேரமும்

தர்ட்டீன், தர்ட்டி. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. போனில் இவை பிரியாது. சொன்ன கையோடு இலக்கமாகவும் சொல்லுங்கள்: "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்." கேட்கும்போதும் "கம் அகைன்?" என்று மொத்தத்தையும் திருப்பச் சொல்லாமல், சந்தேகமான துண்டை மட்டும் பிடித்துக் கேளுங்கள்: "டிட் யு சே ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" மூன்று தடவை பார்டன் கேட்பதைவிட, புரிந்தவரை சொல்லி "ஐ காட் த பார்ட் அபௌட் லாகின். வாட் கேம் ஆஃப்டர் தட்?" என்றால் எதிரே இருப்பவர் சலித்துக்கொள்ள மாட்டார். டபுள் நைன், ட்ரிபிள் ஃபோர் என்பதை அமெரிக்கரிடம் தவிர்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள்.

லட்சமும் கோடியும் வெளியே செல்லாது. 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். எக்செலில் 10,00,000 என்று காற்புள்ளி வைத்து அனுப்பினால் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைப்பார்கள். 04/05/2025 நமக்கு மே 4, அமெரிக்காவுக்கு ஏப்ரல் 5. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவது ஒன்றே வழி. "ஃப்ரைடே இ.ஓ.டி.", அதாவது வெள்ளிக்கிழமை வேலை நாள் முடிவதற்குள். யாருடைய ஃப்ரைடே? சென்னையில் வெள்ளி மாலை 6 மணி, நியூயார்க்கில் கோடையில் வெள்ளி காலை 8.30. அவருடைய மாலை 5 மணி நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 2.30. இந்திய நேரத்தை ஐ.எஸ்.டி. என்று சுருக்கி எழுதினால் அயர்லாந்து, இஸ்ரேல்காரர்களுக்கும் அது அவர்கள் ஊர் நேரம்தான். "சென்னை டைம்" என்று எழுதுங்கள். நியூயார்க் காலை 11 மணி கால் நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. மாறும் நாள் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறில் மாறுகிறது. மூன்று நாடும் சேரும் கால் என்றால் இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரத்தில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தப்பாக வந்து நிற்பார்.

பெயரையோ பாஸ்வேர்டையோ எழுத்துக் கூட்டும்போது "பி ஃபார் பாம்பே" வேண்டாம். விமானிகள் பயன்படுத்தும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையில் 26 சொற்கள். 1956 முதல் இதே வடிவம்தான். ஒரு மாலையில் மனப்பாடமாகிவிடும். எம், என் குழப்பத்துக்கு மைக், நவம்பர் என்ற இரண்டு சொல்லே போதும்.

மெயில்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், காரணம் முதலில் வரும். "நேத்து பவர் போனதால, பேக்கப் ஓடாததால, ரிப்போர்ட் இன்னைக்கு வராது." மெயிலையும் அப்படியே கட்டுகிறோம்: மூன்று பத்தி பின்னணி, நான்காவது பத்தியின் கடைசி வரியில் கோரிக்கை. கிளையண்ட் போனில் படிப்பவர். திரையில் முதல் இரண்டு வரிதான் தெரியும். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியை வெட்டி மேலே ஒட்டுங்கள். பெரும்பாலான மெயில் அந்த ஓர் அறுவைச் சிகிச்சையில் பிழைத்துவிடும். சப்ஜெக்ட் வரியில் என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்ற இரண்டும் இருக்கட்டும்: "அப்ரூவல் நீடட் பை 12 ஜூன்: பேமென்ட் பேஜ் சேஞ்ச்". "டூ த நீட்ஃபுல்" என்பது யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதச் சோம்பல்பட்டவர் கண்டுபிடித்தது போலிருக்கிறது. அந்த இடத்தில் ஆளின் பெயரையும் வேலையையும் எழுதிவிட்டால் அது தானாகவே விழுந்துவிடும். ஒவ்வொரு கால் முடிந்த பதினைந்து நிமிஷத்துக்குள் ஐந்து வரி மினிட்ஸ் அனுப்புவது, பேச்சில் தடுமாறுபவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. முடிவு, யார், எந்தத் தேதி. காதில் தப்பாக விழுந்தது எழுத்தில் அகப்பட்டுவிடும்.

பயிற்சி

ஆங்கிலப் பத்திரிகை படி, படம் பார் என்ற அறிவுரை பொய்யில்லை, மெதுவானது. அலுவலகப் பேச்சுக்கு நேரடியாக உதவுவது உங்கள் சொந்தக் குரல்தான். டீமின் தினசரிக் குறுங்கூட்டமான ஸ்டாண்டப்பில் நாளை சொல்லப்போவதை இன்று இரவு போனில் ஒரு நிமிஷம் ரெக்கார்ட் செய்யுங்கள். எழுதிப் படிக்கக் கூடாது; மூன்று குறிப்புச் சொற்கள் மட்டும் கையில். கேட்டுப் பார்த்து மறுபடி ஒரு தடவை, அவ்வளவுதான். வேகத்துக்கு ஓர் அளவுகோல்: 130 சொற்கள் உள்ள பத்தியைச் சரியாக ஒரு நிமிஷத்தில் படிக்க வேண்டும். நாற்பது நொடியில் முடிந்தால் எதிரே இருப்பவர் பாதியைத்தான் பிடிக்கிறார். பயத்தில் வேகம் கூடும் என்பதால் இந்த அளவை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

உச்சரிப்பைச் சோதிக்க போன் கீபோர்டின் குரல் தட்டச்சு நல்ல கருவி. மொழியை அமெரிக்க இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டு, உங்கள் வேலைச் சொற்களைச் சொல்லுங்கள். வாக்கியமாகச் சொன்னால் அது சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதி உங்களை ஏமாற்றிவிடும். அதனால் இரண்டு நொடி இடைவெளி விட்டுத் தனிச் சொற்களாகச் சொல்லுங்கள்: பையும் பின்பக்கமும், கோட்டும் ஆடும், மேற்குத் திசையும் உள்பனியனும், மேனும் மென்னும். இருபது சொல்லில் எத்தனை தப்பு என்று தேதி போட்டுக் குறித்துவையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே இருபதை, முடிந்தால் அதே அறையில், அதே ஹெட்செட்டில் சொல்லிப் பாருங்கள். அப்போதும் தப்பாகவே வரும் இரண்டு மூன்று சொற்களுக்காக மல்லுக்கட்டாதீர்கள். அந்த இடத்தில் வேறு சொல் வைத்துக்கொள்ளலாம். வெஸ்ட் வாயில் வராவிட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.